புழுவின் பல்

"என்ன பிள்ளை, தூண்டிலுக்கோ?"

கனகராயன் ஆற்றில் சேற்றை அரிதட்டில் அலசிக்கொண்டிருந்தபோது, மாடு சாய்த்துக்கொண்டு வந்த ஐயா ஒருவர் கேட்டார். தட்டில் நெளியும் சிவப்புப் புழுக்களைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். "இல்லை ஐயா, தண்ணியைச் சோதிக்க" என்றேன். "தண்ணி அங்கால கிடக்கு. நீ சேத்தையெல்லோ கிண்டுறாய்?"

நியாயமான கேள்விதான். போத்தலில் அள்ளும் தண்ணீர் அந்த நேரத்துக் கதையை மட்டும் சொல்லும். வன்னி ஆறுகளோ மாரியில் கரைபுரண்டு, ஆவணியில் குட்டை குட்டையாய்க் கிடப்பவை. வெள்ளத்தோடு வரும் ஈயம், கட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் பெரும்பாலும் மண் துகளில் ஒட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடும். அந்தச் சேற்றிலேயே குழாய் கட்டி, அதையே தின்று, வாரக்கணக்கில் வளர்வதுதான் இந்தப் புழு. கைரோனோமிட் என்ற கடிக்காத நுளம்பு மாதிரிப் பூச்சியின் குடம்பி. சிவப்பு நிறம் ஈமோகுளோபினால் வருவது. ஒட்சிசன் குறைந்த சேற்றிலும் அது பிழைத்துக்கொள்ளும். அதனால் புழு நிறைய இருந்தாலே உலோகம் என்று சொல்லிவிட முடியாது, அழுகிய கழிவுக்கும் அது பெருகும். வாயைத் திறந்துதான் பார்க்கவேண்டும்.

தலையை வெட்டி, பொட்டாசியம் ஐதரொட்சைட்டில் ஊறவைத்து, கீழ்ப்பக்கம் மேலே தெரியக் கண்ணாடித் தகட்டில் வைப்போம். நுணுக்குக்காட்டியில் கருங்கபில நிறத்தில் ஒரு சீப்புத் துண்டு தெரியும். நடுப்பல் மூன்றாய்ப் பிரிந்து, இருபுறமும் ஆறு ஆறு பற்கள். ஒவ்வொரு முறை தோலுரிக்கும்போதும் இது புதிதாய் உருவாகிறது. அந்த நேரத்தில் நஞ்சு குறுக்கிட்டால் ஒரு பல் குறையும், அல்லது இரண்டு ஒட்டிக்கொள்ளும். முதல் தடவை நடுப்பல் இல்லாத ஒன்றைக் கண்டபோது, தேய்ந்துபோனதாக்கும் என்று ஒதுக்கிவிட்டேன். தேய்ந்த பல் மழுங்கியிருக்கும். இதில் பல் இருந்த தடமே இல்லை. அது உறைக்க எனக்கு இரண்டு நாள் எடுத்தது.

ஆனால் கோணல் பல் எந்த உலோகம் என்று சொல்லாது. அதற்குப் புழுவையே ஆய்வுகூடத்துக்கு அனுப்பவேண்டும். அதிலும் ஒருமுறை சொதப்பினேன். பிடித்த கையோடு குப்பியில் போட்டுவிட்டேன். வயிறு நிறையச் சேறு! அளந்தால் புழுவின் உடம்பை அல்ல, அது தின்ற மண்ணைத்தான் அளந்திருப்போம். சுத்தமான தண்ணீரில் ஒரு நாள் விட்டு, குடலைக் காலியாக்கிய பிறகே அனுப்பவேண்டும். எல்லாவற்றையும் கொட்டிவிட்டுத் திரும்பவும் ஆற்றில் இறங்கினோம்.

நல்ல தண்ணீரிலும் இரண்டொரு கோணல் பல் இருக்கும் என்பதால், ஒப்பிட மாசில்லாத இடம் ஒன்றும் வேண்டும். வரைபடத்தைப் பார்த்து மேற்பக்கமாய் ஒரு வளைவைத் தேர்ந்திருந்தோம். மிதிவெடி அகற்றிய பாதை, இறங்க வசதி, எல்லாம் சரி.

மாட்டுக்கார ஐயா அதைக் கேட்டுச் சிரித்தார். "அங்கேயோ? காலபோகத்தில வயல் கழிவுத் தண்ணி அதுக்கு மேலாலதானே விழுறது."

ரி.எஸ்.பி. போன்ற பொசுபேற்று உரங்களில், உரம் செய்யும் பாறையோடு வந்த கட்மியம் கொஞ்சம் இருக்கும். எங்கள் 'சுத்தமான' இடம் அந்த வாய்க்காலுக்குக் கீழே. வரைபடத்தில் வாய்க்காலே இல்லை.

அவர் மாட்டை நிழலில் விட்டுவிட்டு முன்னால் நடந்தார். வாளியும் அரிதட்டுமாய் நாங்கள் பின்னால் போனோம்.