யார் துடைக்கிறார்களோ அவர்களைக் கேட்டு டைல்ஸ் வாங்குங்கள்

தம்பி காட்பாடியில் வீடு கட்டுகிறான். சுவர் கதவு, ஜன்னலுக்கு மேலே வருகிற லிண்டல் மட்டத்தைத் தாண்டிவிட்டது, ஆனால் தரைக்கு என்ன போடுவது, சமையலறைக்குச் சுவர் வேண்டுமா வேண்டாமா என்ற பஞ்சாயத்து இன்னும் முடியவில்லை. தம்பி மனைவி அனுப்புகிற படங்களைப் பார்த்து அம்மா, "ஆஸ்பத்திரி மாதிரி வெள்ளை வெளேர்னு இருக்குதே" என்கிறார். ஷோகேஸ் வைக்கலாமே என்று அம்மா ஆரம்பித்தால் அந்தப் பக்கம் பதிலே வராது. இரண்டு பேரும் மற்றவருக்கு ரசனை கிடையாது என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் குடும்பத்து வீடுகளையே வரிசையாக நினைத்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு தலைமுறையும், முந்தைய வீட்டில் எந்த வேலை தங்கள் முதுகை ஒடித்ததோ அதிலிருந்து தப்பிக்கத்தான் முதலில் பார்த்திருக்கிறது, அழகெல்லாம் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது.

ஆயா வீடு வேலூர் சைதாப்பேட்டையில். தெருவைப் பார்த்த திண்ணை, உள்ளே சின்ன முற்றம், முன்கட்டுக்கு மெட்ராஸ் டெரஸ், பின்கட்டுக்கு நாட்டு ஓடு. மெட்ராஸ் டெரஸ் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்: தேக்கு விட்டங்களை வரிசையாகப் போட்டு, அதன்மேல் சின்னச் செங்கற்களைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, மூலைவாட்டில் அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் பிணைப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கட்டையால் அடித்து இறுக்கி, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். கம்பி கிடையாது. அந்தக் கனத்தைத் தாண்டி வெயில் உள்ளே இறங்குவதற்குள் சாயந்திரமாகிவிடும். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டுகிற ஊர், சுற்றிலும் பாறை மலை வேறு. அந்த மத்தியானத்திலும் முன்கட்டில் வெறும் தரையில் படுத்தால் தூக்கம் வரும். இன்றைக்கு பழைய வீடு என்றால் உருகுகிறவர்கள் எல்லாம் இதைத்தான் சொல்வார்கள், நானும் சொல்வேன்.

ஆனால் அந்த வீட்டைப் பற்றி ஆயா பேசியதெல்லாம் வேறு. பின்கட்டு மண் தரையைச் சாணி போட்டு மெழுகியது, குரங்கு உடைத்த ஓட்டை மாற்ற மழைக்கு முன்னால் ஆள் தேடி அலைந்தது, விறகடுப்புப் புகை, ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்து உளுந்து அரைத்து அரைத்துத் தோள்பட்டை போனது. முன்கட்டில் சிவப்பு சிமெண்ட் தரை போட்டதுதான் அவர் வாழ்க்கையிலேயே பெரிய வசதி. "ஒரு வாளி தண்ணி, ஒரு துணி, முடிஞ்சிது" என்பார். இப்போது அதே தரையை ரெட் ஆக்சைடு என்று சொல்லி, அதற்கென்றே ஆள் வரவழைத்து, ரிசார்ட்டிலும் பெரிய வீடுகளிலும் ஆசையாகப் போடுகிறார்கள். போடட்டும், நல்ல தரைதான். ஆயாவுக்கு அது சாணி மெழுகுவதிலிருந்து கிடைத்த விடுதலை.

வடஆற்காடு மாவட்டத்தை இரண்டாகப் பிரித்த 1989-ஐ ஒட்டி அப்பா சத்துவாச்சாரியில் வீடு கட்டினார். கான்கிரீட் ஒட்டு (அதாவது மேல்தளம்), மொசைக் தரை, மயில் போட்ட இரும்பு கேட், சமையலறையில் நின்று சமைக்க கடப்பாக்கல் மேடை, ஹாலில் கண்ணாடி வைத்த ஷோகேஸ். இன்றைக்கு மொசைக் என்றாலே முகம் சுளிக்கிறார்கள். அம்மா ஸ்கூல் டீச்சர், காலையில் எட்டு மணிக்கு பஸ் ஏற வேண்டும், திரும்பி வந்துதான் வீடு பெருக்க முடியும். பொட்டுப் பொட்டாகச் சலவைக்கல் சில்லு போட்ட தரையில் அழுக்கு சட்டென்று கண்ணில் படாது, அழுக்கு சேர நிறைய இணைப்பும் கிடையாது, பழசானால் மெஷின் வைத்துத் தேய்த்துப் பாலிஷ் போட்டால் மறுபடி புதுசு. வேலைக்குப் போகிற பெண்ணுக்கு இதைவிட நல்ல தரை அந்தக் காலத்தில் எது இருந்தது?

ஃப்ரிட்ஜை ஹாலில் வைத்ததும் அப்படித்தான். அதன் தலையில் குரோஷா துணி, பக்கத்தில் ஸ்டெபிலைசர். சமையலறையில் அதற்கேற்ற ப்ளக் பாயிண்டும் இல்லை, இடமும் இல்லை. தவணையில் வாங்கி, மாசாமாசம் கட்டி முடித்த பொருள், நாலு பேர் பார்க்கிற இடத்தில் இருக்கட்டும் என்ற ஆசையும் இருந்தது. அதில் எந்தத் தப்பும் எனக்குத் தெரியவில்லை. ஷோகேஸில் கொலு பொம்மையும் நாங்கள் வாங்கிய கப்பும் இருந்தன, ஆயா வீட்டில் அப்படி எடுத்து வைக்க எதுவுமே இருந்ததில்லை.

அந்த வீடு தோற்றது வெயிலிடம்தான். கான்கிரீட் ஒட்டு பகல் முழுக்கக் குடித்த சூட்டை ராத்திரி பன்னிரண்டு வரைக்கும் அறைக்குள் கொட்டும். சாயந்திரம் மொட்டை மாடியில் தண்ணீர் ஊற்றுவோம். பாலாறு வறண்டு குழாயில் தண்ணீர் வராத வருஷங்களில் அதற்கும் வழி இல்லை.

இப்போது தம்பி வீடு. அவன் மனைவி கேட்கிற ஓப்பன் கிச்சன் போனில் பார்த்து வந்த ஆசை என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார், நானும் கொஞ்சம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். ஒரு நாள் அவளே சொன்னாள்: "எல்லாரும் ஹால்ல உக்காந்து சிரிச்சிட்டிருப்பாங்க அண்ணி, நான் மட்டும் உள்ள தனியா நின்னு தோசை ஊத்தணும். அது வேணாம்." சமைக்கிறவள் பின்கட்டுக்குள் தனியாக நிற்கிற பழக்கத்தைத்தான் அவள் இடிக்கப் பார்க்கிறாள். ஆயா இடித்தது சாணித் தரையை, அம்மா இடித்தது உட்கார்ந்து சமைக்கிற அடுப்பங்கரையை. அந்த வரிசையில் பார்த்தால் இவள் கேட்பது முழுக்க நியாயம்.

அம்மாவின் எதிர்ப்பிலும் பாயிண்ட் இருக்கிறது. நம் சமையல் தாளிப்புச் சமையல். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை எண்ணெயில் வதக்கினாலே வாசனை தெருவரைக்கும் போகும், கருவாட்டுக் குழம்பு வைத்த அன்றைக்கு சோஃபா துணியெல்லாம் அதே வாசனைதான். சிம்னி ஓரளவு இழுக்கும், முழுக்க இழுக்காது. கடைசியில் நடுவில் தள்ளுகிற கண்ணாடிக் கதவு வைப்பதாக முடிவாகியிருக்கிறது. கருவாட்டு நாளில் மூடிக்கொள்ளலாம், மற்ற நாளில் திறந்தே கிடக்கட்டும்.

டைல்ஸ் விஷயத்தில் நான் கேட்டது வேறு ஒருவரை. காந்தி நகரில் பல வீடுகளில் துடைக்கிற அக்கா ஒருவர் அம்மா வீட்டுக்கும் வருகிறார். பளபளவென்ற வெள்ளை விட்ரிஃபைட் எப்படி என்றேன். "வேணாம்மா, ஒரு தலைமுடி விழுந்தாலும் தெரியும், ஈரத்துல வழுக்கும், பளபளப்பு இல்லாம மேட்டா போடுங்க" என்றார். அடுப்பு மேடைக்குக் கருப்பு கிரானைட்டும் வேண்டாமாம், போர் தண்ணியின் உப்புக்கறை வெள்ளையாகப் படிந்து தேய்த்துத் தேய்த்துக் கை போய்விடுகிறதாம். எந்த இன்டீரியர் ஆளும் இதை எங்களுக்குச் சொல்லவில்லை. வரைபடம் போடுகிற நாளிலேயே இவரைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்க வேண்டும் என்று இப்போது குரூப்பில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆட்டுக்கல் கதையும் உண்டு. 1955-ல் கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் வெட் கிரைண்டரை உருவாக்கினார். அது எங்கள் வீட்டுக்கு வருவதற்குள் ஆயாவுக்குத் தோள் தேய்ந்துவிட்டது. அப்புறம் சாய்க்கிற கிரைண்டர், டேபிள் டாப், 2011-க்குப் பிறகு அரசு தந்த விலையில்லா கிரைண்டர், இப்போது தம்பி வீட்டில் பாக்கெட் மாவு. சைதாப்பேட்டை வீட்டுத் திண்ணையை இடித்துக் கடைக்கு ஷட்டர் போட்டபோது ஆட்டுக்கல்லை அம்மா தூக்கி வந்து வைத்திருந்தார். அதைப் புது வீட்டு வாசலில் தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்க விடப் போகிறாளாம் தம்பி மனைவி. அம்மாவுக்குக் கோபம். எனக்கு இல்லை. அதில் அரைத்த யாரும் அது மறுபடி அரைக்க வேண்டும் என்று ஆசைப்பட மாட்டார்கள்.

நான் விடாமல் சண்டை போடுவது ஃபால்ஸ் சீலிங் வேண்டாம் என்பதற்கு மட்டும்தான். ஜிப்சம் போர்டுக்கும் ஒட்டுக்கும் நடுவில் இருக்கிற காற்று கொஞ்சம் சூட்டைத் தடுக்கும், சரி. ஆனால் ஒட்டு சூடாகிக்கொண்டேதான் இருக்கும், அறை உயரமும் குறையும். அந்தப் பணத்தை மொட்டை மாடியில் போட்டால் வெயிலை மேலேயே திருப்பி அனுப்பலாம். வெள்ளை கூலிங் டைல்ஸ் பதிக்கலாம், முடியாவிட்டால் வருஷா வருஷம் சுண்ணாம்பாவது அடிக்கலாம். மேற்குச் சுவரில் பெரிய கண்ணாடி ஜன்னலும் வேண்டாம், அங்கே ஒரு வேப்ப மரம் வைத்தால் போதும். ஃபேன் எல்லாம் பிஎல்டிசி வாங்கச் சொல்லிவிட்டேன், சாதாரண ஃபேன் 75 வாட் இழுக்கிற இடத்தில் அது 30 வாட் சுமாரில் ஓடும், நம் ஊரில் ஃபேனை நிறுத்துகிற மாதம் எது?

தம்பி டைல்ஸுக்குப் பதில் மாடிக்கு மேல் தகர ஷீட் போட்டுவிடலாம் என்கிறான், துணி காயவைக்கவும் ஆச்சு என்று. வேலூர், ராணிப்பேட்டை பக்கம் கூலிங் டைல்ஸ் போட்டு இரண்டு மூன்று கோடை பார்த்தவர்கள் யாராவது இருந்தால், ராத்திரி அறை எப்படி இருக்கிறது, வெடிப்பு விட்டதா, பாசி பிடித்துக் கருத்துவிட்டதா என்று எழுதுங்கள். அடுத்த மாதம் ஒட்டு போடுகிறார்கள்.