சின்-அப் பார் வாங்கும் முன் சுவரில் ஒரு துளை போட்டுப் பாருங்கள்

பெங்களூரில் வீட்டுக்குள் சின்-அப் பார் (தொங்கியபடி உடலை மேலே இழுக்கும் பயிற்சிக்கான கம்பி) மாட்ட நினைப்பவர்கள் எந்த பார் நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன் தெரிய வேண்டியது உங்கள் சுவர் என்ன சுவர் என்பது. அல்சூர், விவேக் நகர் பக்கத்துப் பழைய வீடு என்றால் பெரும்பாலும் செங்கல். அதற்குப் பின் வந்தவற்றில் ஆறு அங்குலமோ நாலு அங்குலமோ சாலிட் பிளாக். ஒயிட்ஃபீல்டு, சர்ஜாபூர் ரோடு அடுக்ககங்களில் ஏஏசி பிளாக் (நுண்துளைகள் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்), ஹாலோ பிளாக் (உள்ளே வெற்றிடம் உள்ள கல்), சில இடங்களில் சுவர் முழுக்கவே கான்கிரீட். பூச்சும் பெயின்டும் ஏறியபின் எல்லாம் ஒரே மாதிரி தெரியும்.

பார் வரப்போகும் இடத்தில் 6 மி.மீ. பிட்டால் ஒரு துளை போட்டு, கொட்டும் தூளைப் பாருங்கள். முதலில் வருவது பூச்சின் சாம்பல் தூள். அது ஒன்றரை செ.மீ. வரை இருக்கும், கணக்கில் சேராது. அதன்பின் சிவப்புத் தூள் வந்தால் செங்கல். சாம்பல் தூளோடு பிட் மெதுவாக இறங்கினால் சாலிட் பிளாக்கோ கான்கிரீட்டோ. வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கி வெளிறிய மாவு கொட்டினால் ஏஏசி. திடீரென்று பிட் உள்ளே விழுந்தால் ஹாலோ. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் துளைக்காதீர்கள், ஒயர் குழாய் அங்கேதான் ஓடும். குளியலறையை ஒட்டிய சுவரைத் தொடவே வேண்டாம்.

இவ்வளவு பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. சுவரில் மாட்டும் பார் நம் எடையை வெறுமனே கீழே இறக்குவதில்லை, மேல் போல்ட்டைச் சுவரிலிருந்து பிடுங்கப் பார்க்கிறது. ஆள் 75 கிலோ, பார் சுவரிலிருந்து 55 செ.மீ. தள்ளி, மேல் போல்ட்டுக்கும் பாரைச் சுவரோடு பிடிக்கும் தாங்கியின் அடி விளிம்புக்கும் இடையே 20 செ.மீ. என்று வையுங்கள். 75ஐ 55ஆல் பெருக்கி 20ஆல் வகுத்தால் 206 கிலோ. சும்மா தொங்கும்போதே மேல் போல்ட்டுகள் சேர்ந்து தாங்க வேண்டிய இழுப்பு அது. வேகமாக ஏறி இறங்கினால் இன்னும் கூடும். அதே பாரில் அந்த இடைவெளி 30 செ.மீ. என்றால் இழுப்பு 137 கிலோதான். கடையில் குழாயின் பளபளப்பை விட்டுவிட்டு இந்த உயரத்தை டேப் வைத்து அளந்து வாங்குங்கள். பாரைச் சுவருக்கு நெருக்கினாலும் இழுப்பு குறையும், ஆனால் முழங்கால் இடிக்கும், 50 செ.மீ.க்குக் கீழே போகாதீர்கள். சுவர் பாருக்கு மேலே தலைக்கு 30 செ.மீ. இடம் வேண்டும்.

கான்கிரீட்டில் 10 மி.மீ. ஆங்கர் போல்ட் (முறுக்கும்போது துளைக்குள் விரிந்து பிடிக்கும் போல்ட்) போதும், பூச்சைத் தாண்டி 6 முதல் 7 செ.மீ. உள்ளே இறங்க வேண்டும். உறை உள்ள போல்ட்டுக்குத் துளையின் அளவு உறையின் வெளி விட்டம், போல்ட்டின் விட்டம் அல்ல. இந்த இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். துளைத்ததும் தூளை ஊதி வெளியேற்றுங்கள், தூள் மிச்சமிருந்தால் பிடிப்பு பாதியில் நிற்கும். பிட் இரும்புக் கம்பியில் முட்டினால் விடாப்பிடியாகத் துளைக்காமல் தாங்கியையே சற்று நகர்த்துங்கள்.

செங்கல்லில் விரியும் போல்ட்டை முறுக்கினால் கல் பிளக்கும். அங்கே கெமிக்கல் ஆங்கர், அதாவது துளையில் பசை நிரப்பி ஒட்டவைக்கும் போல்ட், நல்லது. துளை கல்லின் நடுவில் விழ வேண்டும். சிவப்புத் தூள் நடுவே சாம்பலாக மாறினால் கலவை இணைப்பில் இறங்கிவிட்டீர்கள் என்று பொருள். ஏஏசி, ஹாலோ, நாலு அங்குலத் தடுப்புச் சுவர் மூன்றிலும் சுவர் பாரே வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து.

அப்போது கதவு நிலை இருக்கிறது. வெளிநாட்டு வீடியோக்களில் வரும் கொக்கி பார், நிலையைச் சுற்றிப் புடைத்து நிற்கும் பட்டியில் உட்காரும். நம் வீடுகளில் நிலை பெரும்பாலும் பூச்சோடு சமமாக நிற்பதால் அதற்குப் பிடி கிடைக்காது. முறுக்கி இறுக்கும் பார் பொருந்தும், ஆனால் ரப்பரின் உராய்வை மட்டும் நம்பக் கூடாது. மழைக்காலத்தில் ஊறியிருக்கும் மரம் பிப்ரவரி, மார்ச் வறட்சியில் சுருங்கும். ஆகஸ்டில் இறுக்கிய பார் அப்போது வழுக்கும். இருபக்கமும் பாரின் முனையைத் தாங்கும் கிண்ணம் வைத்துத் திருகாணி அடித்து, அதற்குள் பாரை உட்கார வையுங்கள். வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், காலி செய்யும்போது அந்தச் சிறு துளைகளைப் புட்டி மூடிவிடும். நிலையின் மேல் சட்டத்துக்கு எவ்வளவு அருகில் வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது. நடுவில் வைத்து இறுக்கினால் நிலை வெளியே வளைந்து ஓரப் பூச்சு வெடிக்கும், தாழ்ப்பாள் சேராது.

வெல்டிங் பட்டறையில் செய்வதாக இருந்தால், மூன்றடி அகலத்துக்கு முக்கால் அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், மீடியம் கிளாஸ் தடிமன், போதும். அதன் வெளி விட்டம் சுமார் 27 மி.மீ., கைக்கு நன்றாக அடங்கும். நாலடி என்றால் அது வளையும். ஒரு அங்குலக் குழாய்க்குப் போங்கள்.

மாட்டியதும் தாவித் தொங்காதீர்கள். ஸ்டூலில் கால் வைத்தபடி எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, பிறகு அரை நிமிடம் அசையாமல் தொங்குங்கள். இறங்கித் தாங்கியின் மேல் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே ஒரு காகிதத்தைச் செருகிப் பாருங்கள். முன்பு நுழையாத இடத்தில் இப்போது நுழைந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது. அதையே மறுபடி இறுக்காமல், கழற்றி வேறு இடத்தில் துளையுங்கள்.