எறும்பை எண்ணுகிற வேலை

எறும்புகளை எண்ணலாம் என்று ஒரு குவளையை, விளிம்பு தரைமட்டத்தில் இருக்கும்படி மண்ணில் புதைத்து வைத்தேன். முதல் நாள் 41 விழுந்தன. மறுநாள் மேகமூட்டம், வெறும் 6. ஒரே ராத்திரியில் எல்லாம் அழிந்துவிடவில்லை, வெளியே வரவில்லை, அவ்வளவுதான். குவளை காட்டுவது நடமாட்டத்தை, மொத்த எண்ணிக்கையை அல்ல.

அமெரிக்காவில், அரிசோனா எல்லையை ஒட்டிய நியூ மெக்சிகோ பாலைவனத்தில், உயிரியலாளர் டெபோரா கார்டன் அறுவடை எறும்புகளின் (விதை சேகரிப்பவை) புற்றுகளையே எண்ணுகிறார், 1985-லிருந்து, வருடா வருடம். எது புதிது, எது செத்தது, எல்லாம் வரைபடத்தில் ஏறும். ராணி உயிரோடு இருக்கும்வரை புற்று இருக்கும், 20, 30 வருடம்கூட. வேலைக்கார எறும்புக்கு ஒரு வருடம்தான். அதனால் மூன்று வருட ஆய்வில் இங்கே பெரிதாக ஒன்றும் பிடிபடாது. (நிதி கொடுப்பவர்களிடம் இதை யார் சொல்வது?)

இத்தனை வருடம் விடாமல் பார்த்த பிறகு, 2013-ல் ஒரு விஷயம் வெளிவந்தது. வறண்ட, சூடான நாட்களில் இரை தேடப் போவதைக் குறைத்துக்கொண்ட புற்றுகளுக்குத்தான் வாரிசுப் புற்றுகள், அதாவது அவற்றின் மகள் ராணிகள் தொடங்கிய புதுப் புற்றுகள், அதிகம். ஒரு கோடைக்காலம் மட்டும் போய்ப் பார்த்திருந்தால் அவற்றைச் சோம்பேறிப் புற்றுகள் என்று எழுதிவிட்டு வந்திருப்போம்.