சாய்வு முடியும் இடம்

நீலகிரியில் குந்தாப் பக்கத்து அணை ஒன்றில் வண்டல் அளக்கும் வேலைக்குச் சேர்ந்த முதல் கோடை அது. தண்ணீர் நன்றாக இறங்கியிருந்ததால் ஓடை வந்து விழும் வாய் முழுக்க வெளியே தெரிந்தது. கேரட், உருளைத் தோட்டங்களிலிருந்து மழை அரித்துக் கொண்டுவந்த மண். அதையே ஓடை பிற்பாடு அறுத்துக்கொண்டு ஓட, இரண்டு ஆள் உயரத்துக்கு மண்சுவர் நின்றது.

சுவரின் உச்சியைப் பழைய நீர்மட்டம் என்று நோட்டில் குறித்தேன். ஸ்டாஃப் என்கிற அளவுக்கோலைப் பிடித்திருந்த பெரியவர், "அங்க இல்லீங்க சார், தண்ணி இதுவரைக்கும்தான் நின்னிருக்கு" என்று நடுச்சுவரில் விரலை வைத்தார். மண்வெட்டியால் சீவிப் பார்த்தேன். விரலுக்குக் கீழே மணலும் பொடிக்கல்லும் அணைப்பக்கமாகச் சரிந்து, வேய்ந்த ஓடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. விரலுக்கு மேலே எல்லாம் படுக்கை அடுக்கு. நிற்கிற தண்ணீரைத் தொட்டதும் ஓடையின் வேகம் செத்துவிடும். சுமந்து வந்ததை விளிம்பிலேயே கொட்டும். அது சரிவில் உருண்டு சாய்ந்த அடுக்காகும். நைந்த சேறு மட்டும் ஆழத்துக்குப் போய்ப் படியும். சாய்வு முடிந்து படுக்கை தொடங்கும் இடம்தான் நீர்மட்டம். நோட்டில் அடித்துத் திருத்தினேன்.

2021 பிப்ரவரியில் நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தி செவ்வாயின் ஜெசெரோ பள்ளத்தில் இறங்கியது. விண்கல் மோதி உண்டான, சுமார் 45 கி.மீ. அகலமுள்ள பள்ளம். அங்கே தனியாக நிற்கும் கோடியாக் குன்றின் படத்தைப் பார்த்ததும் என் விரல் தானாகத் திரையில் அந்தக் கோட்டுக்குப் போனது. கீழே அதே சாய்வு, மேலே அதே படுக்கை! 350 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஆற்றுவாய். ஆய்வாளர்களும் அந்தக் கோட்டின் உயரத்தை வைத்துத்தான், அப்போது பள்ளத்தில் இருந்த ஏரி தன் வடிகால் வாய்க்குச் சுமார் 100 மீட்டர் கீழே நின்றது என்று கணக்கிட்டார்கள்.

அந்தப் படிவின் உச்சியில் ஒரு மீட்டருக்கும் பெரிய பாறைகள் கிடக்கின்றன. அமைதியான ஆறு அவற்றை நகர்த்தாது. பிந்தைய பெருவெள்ளத்தின் வேலை. 2019 ஆகஸ்டில் எங்கள் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அதற்குப் பிறகு எங்கள் வண்டல்மீதும் ஆட்டுக்குட்டி அளவுக் கற்கள் கிடந்தன.

கோடியாக் காத்திருக்கும். எங்கள் சுவர் ஜூன் மழையில் மறுபடி மூழ்கிவிடும். அதனால் இப்போதெல்லாம் காலையில் போனதும் முதலில் சுவரைச் சீவி, டேப்பை நிறுத்திப் படம் எடுத்துவிடுகிறோம். மற்ற அளவெல்லாம் அப்புறம்தான்.