செத்தவரை நேர்ல வரச் சொன்ன ஸ்டேஷன்: அப்பா துப்பாக்கி கைக்கு வந்த கதை

ஒருவழியா போன வாரம் கையெழுத்து போட்டு துப்பாக்கிய வாங்கியாச்சு. பெங்களூர்ல கிஃப்டா வந்ததோ பூர்வீகமோ, வீட்ல துப்பாக்கி வெச்சிருக்கற தமிழ்க் குடும்பங்க எனக்குத் தெரிஞ்சே சிலது இருக்கு. அவங்களுக்கு உபயோகப்படட்டும்னுதான் எழுதறேன், பாதி என் வயித்தெரிச்சல தீத்துக்கறதுக்கும்தான்.

அப்பா குடகுல சித்தாபுரா பக்கம் ஒரு காபி எஸ்டேட்ல கணக்குப்பிள்ளையா இருந்தவர். 1994ல வேலைய விட்டுட்டு கிளம்பறப்ப எஸ்டேட் முதலாளி, அவர் கொடவர், அதாவது குடகுப் பூர்வீக இனத்துக்காரர், தன்னோட 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கிய அப்பாவுக்கு குடுத்தார். பர்மிங்காம்ல செஞ்ச பழைய இங்கிலீஷ் துப்பாக்கி. ஏதோ வாட்ச் குடுக்கற மாதிரி கையில குடுத்துட்டுப் போகல மனுஷன், எஸ்டேட் லெட்டர்ஹெட்ல எழுதிக் கையெழுத்து போட்டு, அப்பாவ லைசென்ஸ் எடுக்க வெச்சு, மடிக்கேரி டிசி ஆபீஸ்ல (நம்ம ஊர் கலெக்டர் ஆபீஸ் மாதிரி) அத ஏத்தி, எல்லாம் முறையா பண்ணார். ரெண்டு பேரும் இப்ப இல்ல. அப்பா பெங்களூர் வந்தப்புறம் லைசென்ஸ் இங்க கமிஷனர் ஆபீஸுக்கு மாத்தினது, ரினியூவல், யுஐஎன்ங்கற தனி அடையாள நம்பர ஏத்தினது எல்லாம் ஒழுங்கா நடந்துச்சு, அதுல சொல்ல ஒண்ணுமில்ல.

2024 ஜனவரியில அப்பா தவறிட்டார். கவனிங்க, லைசென்ஸ் அவரோட முடிஞ்சுபோச்சு. மகன்தானே, வீட்டு பீரோவுலதானே இருக்குன்னு நினைக்காதீங்க. லைசென்ஸ் இல்லாம வெச்சிருந்தா 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைஞ்சபட்சமே ரெண்டு வருஷம். ஆர்ம்ஸ் ஆக்ட் 21வது செக்‌ஷன்படி உடனே ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும், இல்லன்னா லைசென்ஸ் உள்ள துப்பாக்கி டீலர்கிட்ட டெபாசிட் பண்ணலாம். டீலர் மாசாமாசம் காசு வாங்குவார், ஆனா எண்ணெய் போட்டு வெப்பார். இந்த ரெண்டாவது வழி இருக்கறத எங்ககிட்ட ஒருத்தரும் சொல்லல.

ஸ்டேஷனுக்கு போன் பண்ணா "எடுத்துட்டு வாங்க"ன்னாங்க. துக்க வீட்லருந்து நான் துப்பாக்கிய தூக்கிட்டு ஆட்டோல போகணுமாம், வழியில நிறுத்தினா யார் பதில் சொல்றது? முதல்ல லெட்டர் எழுதிக் குடுத்து சீல் வாங்கினேன், அப்புறம் ஒரு ஏட்டு வீட்டுக்கு வந்தார். வந்தவர் பைக்ல வந்துட்டார்! கடைசியில பெட்ஷீட்ல சுத்தி ஆட்டோலதான் போச்சு, அவர் மடியில துப்பாக்கி, என் மடியில தோட்டா டப்பா.

ஸ்டேஷன் ரைட்டர் ரசீது குடுத்தார். எல்லாம் கன்னடத்துல, நம்பர் உட்பட. கன்னட எண்ல ஆறும் ஒன்பதும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி வளைஞ்சிருக்கும், அவசரத்துல எழுதினா சுழி எந்தப் பக்கம் போகுதுன்னே தெரியாது. துப்பாக்கி நம்பர்ல இருந்த ஒன்பது ரசீதுல ஆறாயிடுச்சு. இந்த ஒரு சுழி என்னென்ன வேலை பண்ணுச்சுன்னு பின்னாடி வருது.

மார்ச் 16ம் தேதி எலெக்‌ஷன் அறிவிச்சாங்க. ஏரியாவுல லைசென்ஸ் வெச்சிருக்கறவங்கள கூப்பிட்டு துப்பாக்கிய எல்லாம் டெபாசிட் வாங்கினாங்க, முத்தேமால் ரூம், அதாவது ஸ்டேஷன்ல வர்ற பொருள எல்லாம் வெக்கற ரூம், நிரம்பி ரைட்டர் மேஜை பின்னாடி வரைக்கும் சாத்தி வெச்சிருந்தாங்க. அந்த அமளியில யாரோ புண்ணியவான் எங்க துப்பாக்கிக்கும் எலெக்‌ஷன் டெபாசிட்னு சீட்டு கட்டிட்டான். ஏப்ரல் 26 இங்க ஓட்டு, ஜூன் 4 ரிசல்ட், அப்புறம் ஒவ்வொருத்தரா திருப்பி வாங்கிட்டுப் போறாங்க. வாரிசு லைசென்ஸுக்கு டெபாசிட் ரசீதுல ஒரு அட்டெஸ்டேஷன் வேணும்னு நான் போனா ரைட்டர் ரிஜிஸ்டர பாத்துட்டு சொல்றார்:

"லைசென்ஸ்தாரர் நேர்ல வரணும் சார்."

"அவர் இறந்துட்டார் சார், அதனாலதான் ஒப்படைச்சதே."

"இது எலெக்‌ஷன் டெபாசிட்னு இருக்கே. சரி, வர முடியலன்னா அவர்கிட்ட ஒரு ஆதரைசேஷன் லெட்டர் வாங்கிட்டு வாங்க."

டெத் சர்டிஃபிகேட்ட மேஜைல வெச்சேன். அத புரட்டிப் பாத்துட்டு, கொஞ்சம் யோசிச்சு, "நாளெ பன்னி"ன்னார், கன்னடத்துல நாளைக்கு வாங்கன்னு அர்த்தம். அந்த நாளை வரவே இல்ல. ஒரு தடவை ரைட்டர் பந்தோபஸ்து, ஒரு தடவை இன்ஸ்பெக்டர் கோர்ட், ஒரு தடவை சாவி யார்கிட்டன்னு தெரியல. அரை நாள் லீவு போட்டுட்டுப் போய் டீ குடிச்சுட்டு வந்ததுதான் மிச்சம்.

இதுக்கு நடுவுலதான் அந்தக் குடகுக் குடும்பத்துலருந்து ஓலை வந்துச்சு. முதலாளியோட பேரன், இங்கயே ஐடில இருக்கார், ஸ்டேஷனுக்கு மனு குடுத்திருக்கார். "இது எங்க குடும்பத் துப்பாக்கி, தாத்தா காவலுக்கு இரவலாதான் குடுத்தார், எங்ககிட்ட திருப்பிக் குடுக்கணும்." கொடவங்களுக்கு துப்பாக்கின்னா என்னன்னு குடகுல வளந்த எனக்குத் தெரியும். ஆம்பளப் புள்ள பொறந்தா வெடி போடுவாங்க, அவங்க ஆயுத பூஜையான கைல்போத் அன்னைக்கு துப்பாக்கிய எல்லாம் வரிசையா வெச்சு பூஜை பண்ணுவாங்க. அவங்களுக்கு லைசென்ஸ்லருந்தே விலக்கு உண்டு, இப்ப 2029 வரைக்கும் நீட்டியிருக்காங்க. அதனால அந்தப் பையன் மேல எனக்குக் கோபமே இல்லன்னு சொல்ல மாட்டேன், ஆனா புரியுது. முப்பது வருஷம் கழிச்சு, அப்பா போனப்புறம் ஞாபகம் வந்துச்சு பாருங்க, அதுதான் புரியல.

மனுல இன்னொரு பாயிண்ட்டும் இருந்துச்சு. ஸ்டேஷன் ரசீதுல இருக்கற நம்பரும் அப்பா லைசென்ஸ் புக்ல இருக்கற நம்பரும் ஒத்துப்போகல, ஆக ஒப்படைச்ச துப்பாக்கி லைசென்ஸ்ல இருக்கறதே இல்லையாம்! அந்த ஆறு ஒன்பது. ஸ்டேஷன்காரங்க எழுதின தப்பு, ஸ்டேஷன்லயே எனக்கு எதிரா நிக்குது. இன்ஸ்பெக்டர் கைய விரிச்சுட்டார். "ஓனர்ஷிப் டிஸ்ப்யூட், சிவில் மேட்டர், ரெண்டு பேரும் கோர்ட்டுக்குப் போங்க." என் வாரிசு லைசென்ஸ் அப்ளிகேஷனுக்குப் போக வேண்டிய வெரிஃபிகேஷன் ரிப்போர்ட்டும் அதோட நின்னுபோச்சு.

அல்சூர்ல சோமேஸ்வரர் கோயில் பக்கம் ஒரு தமிழ் வக்கீல் இருக்கார், வயசானவர், அவர்கிட்ட போனேன். அவர் சொன்னத இந்த மாதிரி சிக்கல்ல இருக்கறவங்க மனப்பாடமே பண்ணிக்கலாம். "லைசென்ஸ்ங்கறது வெச்சுக்கறதுக்கு பர்மிஷன், அவ்ளோதான் தம்பி. பொருள் யாருதுன்னு அது சொல்லாது. அதே மாதிரி பொருள் உன்னோடதாவே இருந்தாலும் லைசென்ஸ் இல்லாம நீ அத தொடக்கூடாது. போலீஸ்காரன் இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டு குழப்பறான், நீ தனித்தனியா பிரி." போலீஸுக்கு சொத்து யாருதுன்னு தீர்ப்பு சொல்ற அதிகாரம் கிடையாது. ஆனா 21வது செக்‌ஷன்லயே, டெபாசிட் பண்ணவர் இல்லன்னா அவரோட சட்டப்படியான வாரிசு, லைசென்ஸ் தகுதி வந்ததும் திருப்பி வாங்கலாம், இல்ல தகுதி உள்ளவங்களுக்கு விக்கலாம்னு தெளிவா இருக்கு. ரூல்ஸ் சொல்ற கெடுவுக்குள்ள ரெண்டுமே நடக்கலன்னா சர்க்கார் பறிமுதல் பண்ணிக்கலாம். அதாவது சண்டை இழுக்க இழுக்க எனக்கும் இல்ல, அந்தப் பேரனுக்கும் இல்ல. இன்னொண்ணும் சொன்னார், நம்ம துப்பாக்கிய யாரும் சீஸ் பண்ணல, நாமதான் ஒப்படைச்சோம், அதனால கேஸ்ல புடிச்ச பொருள மாஜிஸ்ட்ரேட்கிட்ட கேட்டு வாங்கற வழிக்கு இப்பவே ஓட வேண்டாம்னு.

அவர் குடுத்த முதல் யோசனை, வாய்ல பேசாத, எழுதிக் குடு, எழுதி வாங்கு. "திருப்பித் தர முடியாதுன்னா காரணத்த எழுதி எண்டார்ஸ்மென்ட் குடுங்க சார்"னு மனு போட்டேன். இது கர்நாடகாவுல நல்லா வேலை செய்யுது. எண்டார்ஸ்மென்ட் குடுத்தா அது கைல பேப்பரா நிக்கும்ங்கறதால, அது வரைக்கும் தலைய நிமித்திப் பாக்காத ரைட்டர் "உக்காருங்க சார்"னு சேர் போட்டார்.

ரெண்டாவது யோசனை மடிக்கேரி. ஆர்ம்ஸ் ஆக்ட்ல 5வது செக்‌ஷன்படி, தனியாள் தன் துப்பாக்கிய இன்னொருத்தருக்கு விக்கறதோ மாத்திக் குடுக்கறதோ பண்ணணும்னா, முன்கூட்டியே டிஎம்முக்கோ (மாவட்ட மாஜிஸ்ட்ரேட்) ஸ்டேஷனுக்கோ எழுத்துல சொல்லி 45 நாள் போகணும். முதலாளி அவ்ளோ ஒழுங்கா பண்ணவர்னா அந்த லெட்டர் அங்க எங்கயாவது இருந்தே ஆகணும். ஆர்டிஐ போட்டேன், "பழைய கோப்பு, தேடிக்கொண்டிருக்கிறோம்"னு பதில். அப்பீல் போட்டேன். அதுக்கும் அசையலன்னு நேர்லயே பஸ் ஏறிப் போனேன். மழை, ரெக்கார்ட் ரூம்ல கரண்ட் இல்ல, அங்க இருந்த ஒரு பெரியவர் போன் டார்ச் புடிச்சுட்டு கட்டு கட்டா புரட்டினார். 1994 ரிஜிஸ்டர்ல அந்த வரி இருந்துச்சு. துப்பாக்கி நம்பர், குடுத்தவர் பேர், வாங்கினவர் பேர், காரணம்னு போட்ட கட்டத்துல "அன்பளிப்பு"ன்னு கன்னடத்துல, பக்கத்துல முதலாளியோட கையெழுத்து. பக்கத்துலயே ஒட்டியிருந்த நோட்டீஸ் லெட்டரும் கிடைச்சுது. சர்டிஃபைட் காப்பி வாங்கறப்ப எனக்குக் கையே நடுங்குச்சு, அந்தப் பெரியவர் "டீ குடிச்சுட்டுப் போங்க"ன்னார்.

அப்புறம்தான் இன்ஸ்பெக்டர் பேரனுக்கு நோட்டீஸ் விட்டார், உங்ககிட்ட இருக்கற ஆதாரத்த குடுங்கன்னு. அவர் கொண்டு வந்தது ஒரு பழைய கருப்பு வெள்ளை போட்டோ. கைல்போத் பூஜையில துப்பாக்கிங்க வரிசையா சாத்தியிருக்கு, குழல்ல தோக் பூ சொருகியிருக்கு, அதாங்க நம்ம செங்காந்தள். மூணாவதா இருக்கறது எங்க துப்பாக்கிதான், பிடியில ஒரு கீறல் உண்டு, நான் பாத்ததுமே சொல்லிட்டேன். மறுக்க என்ன இருக்கு, 1994க்கு முன்னாடி அது அவங்களுதுதானே! ரிஜிஸ்டர் காப்பிய அவர் கைல குடுத்தேன். தாத்தா கையெழுத்த ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தார். "அஜ்ஜிதான் கேட்டாங்க, அதான்"னு பாட்டிய பத்தி ஏதோ சொன்னார். மனுவ வாபஸ் வாங்கி எழுதிக் குடுத்தார். அத எழுதறதுக்கும் ரைட்டர் "நாளெ பன்னி"ன்னு ஆரம்பிச்சார், நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து அங்கயே உக்காந்துட்டோம்.

நம்பர் பிரச்சனைய தீத்து வெச்சது கேஜிஎஃப்லருந்து மாத்தலாகி வந்த ஒரு தமிழ் ஏட்டு. "என்னா சார், குழல கழட்டினா அடியில நம்பர் குத்தியிருப்பானே"ன்னுட்டு இன்ஸ்பெக்டர் முன்னாடியே மடக்கி, முன்கட்டைய எடுத்து, குழல திருப்பினார். பர்மிங்காம் முத்திரை பக்கத்துல நம்பர், ஒன்பது ஒன்பதாவே இருந்துச்சு. ரெண்டு சாட்சி வெச்சு மஹஜர் எழுதி ரெக்கார்ட திருத்தினாங்க. நீங்க ஒப்படைக்கறப்பவே இந்த நம்பர ஏட்டு முன்னாடி வெச்சு போட்டோ எடுத்துக்குங்க, ரசீதுல எண்ணாலயும் எழுத்தாலயும் எழுதச் சொல்லுங்க. தோட்டா எத்தனைன்னும் தனியா.

வாரிசு லைசென்ஸ் பக்கம் பெரிய தொல்லை இல்ல. 2016 ஆர்ம்ஸ் ரூல்ஸ்ல 25வது ரூல்படி ஃபார்ம் ஏ-1, வாரிசு யார் யாருன்னு காட்டற வம்ச விருட்சம் சர்டிஃபிகேட், அம்மாவும் தங்கச்சியும் ஆட்சேபணை இல்லன்னு அஃபிடவிட், மெடிக்கல். ஆன்லைன்ல போட்டு காப்பியும் குடுத்தேன், ஸ்டேஷன் ரிப்போர்ட் போனதும் லைசென்ஸ் வந்துடுச்சு. உங்க அப்பா உயிரோட இருந்து, 70 வயசு தாண்டியிருந்தாலோ 25 வருஷமா துப்பாக்கி வெச்சிருந்தாலோ, இதே ரூல்ல அவர் இருக்கும்போதே உங்க பேர சொல்லி உங்களுக்கு லைசென்ஸ் கேக்கலாம். தயவுசெஞ்சு இந்த வாரமே உக்காந்து பேசுங்க, அபசகுனம்னு அம்மா திட்டினாலும் பரவால்ல.

கைல வாங்கினப்ப வலது குழல் உள்ள துரு, பிடியில பூஞ்சை. நேரா டீலர்கிட்ட குடுத்திருக்கேன், சுத்தம் பண்ண என்ன ஆகும்னு பாத்து சொல்றேன்னார். தோட்டா டப்பா இன்னும் ஸ்டேஷன்லதான் இருக்கு, அது வேற ரிஜிஸ்டராம், அதுக்குத் தனியா மனு குடுக்கணுமாம். சர்க்காரே வெச்சுக்கட்டும்னு விட்டுட்டேன்.