ஜெனோவாப் பேச்சும் நம்மூர் உடுக்கையும்

பாப்ரீத்சியோ தெ ஆந்த்ரே 1940-ல் இத்தாலியின் ஜெனோவா துறைமுக நகரத்தில் பிறந்தவர். தானே எழுதி, மெட்டுக் கட்டிப் பாடியவர். இருபது வருடத்துக்கு மேல் பொது இத்தாலியனில் பாடிவிட்டு, 1984-ல் 'க்ரூசா தெ மா' தொகுப்பை முழுக்க ஜெனோவாப் பேச்சிலேயே பாடினார். மற்ற ஊர் இத்தாலியர்கள் பலருக்கே அது புரியாது.

அதில் இருப்பது எல்லாமே புதுப்பாட்டு. கூட இருந்த மௌரோ பகானி ஊத், பூசுக்கி என்று நடுநிலக்கடல் கரைகளில் புழங்கும் கருவிகளைக் கொண்டுவந்தார். முதல் பாட்டில் கரையேறிய மாலுமிகள் சாப்பாட்டை அடுக்குகிறார்கள்: பொரித்த மீன், வெள்ளை ஒயின், ஆட்டு மூளை, கடைசியில் முயல் என்று பேர் சொல்லி வைக்கும் பூனைக்கறி. பாட்டு முடியும்போது ஜெனோவா மீன் சந்தை வியாபாரிகளின் கூவல் அப்படியே கேட்கும். ஈரோட்டுக் கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையின் சத்தத்தை நாம் எந்தப் பாட்டில் வைத்திருக்கிறோம்?

அதே தொகுப்பில் என்னை உலுக்கியது 'சிதூன்' என்ற பாட்டு. 1982 போரில் லெபனானின் சிதோன் நகரத்தில் செத்துப்போன மகனை ஏந்தி ஒரு தகப்பன் புலம்புகிறான். நம் கொங்கு நாட்டு அண்ணமார் சாமி கதையில் படுகளம், அதாவது அண்ணன்மார் களத்தில் விழுந்து கிடப்பதைப் பாடும் இடம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. உடுக்கைக்காரர் இடது கையால் நடுக்கயிற்றை இறுக்கித் தளர்த்துவார். தோலிலிருந்து விம்மல் கிளம்பும். அண்ணன்மாரைத் தேடித் தங்கை தங்காள் வரும் கட்டத்தில் கூட்டத்தில் யாருக்கும் கண் காயாது.

சார்தீனியாத் தீவில் பண்ணை வாங்கி மாடு வளர்த்தவர் தெ ஆந்த்ரே. 1979-ல் அங்கேயே அவரையும் துணைவியையும் கடத்திப்போய் நான்கு மாதம் போல மலையில் அடைத்துவைத்தார்கள். அப்படியும் அந்த மண்ணை அவர் வெறுக்கவில்லை. 1990-ல் அந்த வட்டாரப் பேச்சிலேயே ஒரு பாட்டுக் கட்டினார். ஒருத்தன் வெள்ளைக் கழுதை மேல் ஆசைப்படுகிறான். ஊரே கல்யாணத்துக்குக் கிளம்புகிறது. தஸ்தாவேஜைப் பார்த்தால் இரண்டும் ஒரே ரத்தம், முறையாகாதாம்! ஒரே கூட்டம், ஒரே குலம் என்று நம்மூரில் சம்பந்தம் நின்றுபோகுமே, அதே சங்கதி.

இங்கே நோம்பி, திருவிழா வந்தால் பழைய கும்மிப் பாட்டுக்கு அடியில் கீபோர்டு தாளத்தை ஓட்டி ஒலிபெருக்கியில் போடுகிறார்கள். ஆடுவதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு அது போதவில்லை. சோமனூர்த் தறிக்குடோனில் ராத்திரி ஷிப்டு பார்ப்பவருக்கு ஒரு பாட்டு வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் அக்காவுக்கு ஒன்று. வாய்க்காலில் எப்போது தண்ணி விடுவார்கள் என்று காத்திருக்கும் கடைமடைக்காரருக்கு ஒன்று. 'ஏனுங்க, எப்பங்க' என்று நாம் பேசுகிற பேச்சிலேயே, உடுக்கையோடு. யாராவது கட்டியிருந்தால் அனுப்புங்க, பாட்டுக்காரரை நேரில் வந்து பார்க்கோணும்.