பாதி அழிந்த நண்டு

பாம்பனிலிருந்து மண்டபத்துக்குப் படிக்க வந்த எங்கள் செட்டுக்கு ரயில்தான் கதி. சாலைப் பாலம் 1988இல்தான் திறந்தது. நான் ஒன்பதாம் வகுப்பு படித்தது அதற்கு இரண்டு வருஷம் முந்தி. 1914இல் திறந்த ரயில் பாலத்தில், படகோ கப்பலோ கடக்க வேண்டுமென்றால் நடுவில் இருந்த இரும்பு இரண்டாகப் பிரிந்து அண்ணாந்து நிற்கும். அது இறங்கும்வரை ரயில் நகராது. தாமதமாக வந்ததற்குச் சொல்ல இதைவிட நல்ல காரணம் வேறு எந்த ஊர்ப் பிள்ளைக்கும் வாய்த்திருக்காது. பாலம் தூக்காத நாளிலும் தூக்கியதாகச் சொல்லியிருக்கிறேன். இத்தனை வருஷம் கழித்து இந்தப் பள்ளி மலரில் ஒப்புக்கொள்கிறேன், இனி யாரும் பிரம்பை எடுக்க மாட்டார்கள்.

அன்று உண்மையாகவே தூக்கியிருந்தார்கள். நான் நுழைந்தபோது இங்கிலீஷ் சார் ‘கோ ஆஃப்’ (go off) நடத்தி, போர்டைப் பாதி அழித்தும் விட்டிருந்தார். மிச்சம் இருந்தது ஒரு படம்: ஒரு வட்டம், மேலே இரண்டு கொம்பு, கீழே இரண்டு கால். நண்டு என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் போர்டில் நண்டு இருந்தால் ஏன் என்று யார் கேட்கப் போகிறார்கள்?

“கரண்டு போச்சு, லைட் அணைஞ்சுபோச்சு. அதுக்கு என்னடா?”

“லைட்ஸ் வென்ட் ஆஃப் சார்.”

“முந்தாநாள் வாங்குன சூடை மீனு கெட்டுப்போச்சு?”

“ஃபிஷ் ஹேஸ் கான் ஆஃப் சார்.”

சாருக்கு ஒரே சந்தோஷம். “பாத்தியா, இங்கிலீஷ்காரனும் போங்கிறான், நாமளும் போங்கிறோம்!” தொட்டிலில் பிள்ளை தூங்கிப்போச்சு, அதுவும் கோ ஆஃப். டீ மேல் இருந்த ஆசை விட்டுப்போச்சு, அதுவும்தான். கல்யாணம் நல்லபடியாகப் போச்சு, வென்ட் ஆஃப் வெல். தமிழில் ‘போச்சு’ என்று முடிகிற எதையும் இப்படி மாற்றிவிடலாம் என்ற தைரியத்தோடு வீட்டுக்குப் போனேன். இருந்தது இல்லாமல் போவதுதான் கோ ஆஃப். அவ்வளவுதானே?

இந்த அறிவோடுதான் 1996இல் சார்ஜாவில் ஒரு மீன் கிடங்கில் இரவுப் பொறுப்பில் இருந்தேன். ஐஸ் மீன் வைக்கும் அறை பூஜ்ஜியத்துக்கும் 2 டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டும். ஜூலை மாதம். ராத்திரி ஒரு மணிக்குக் காவலில் இருந்த பிலிப்பினோ தம்பி என் அறைக்குப் போன் செய்தான்: “அலாரம் வென்ட் ஆஃப், சார்.”

நல்லது, நின்றுவிட்டது என்று திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

என் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. பாம்பன்காரனுக்கு எச்சரிக்கை என்பது காதில் கேட்கிற சமாச்சாரம் இல்லை, கண்ணால் பார்க்கிறது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவார்கள், ஒன்றிலிருந்து பதினொன்று வரை, ராத்திரியானால் விளக்கு. கூண்டு இறங்கினால், விளக்கு அணைந்தால், பயம் தீர்ந்தது, வலையை எடுக்கலாம். ‘ஆஃப்’ என்றால் எனக்குக் கூண்டு இறங்கியதுதான்.

காலையில் அறையைத் திறந்தபோதே மூக்கு சொல்லிவிட்டது. கம்ப்ரசர் ராத்திரியே நின்றிருக்கிறது. மத்தி அத்தனையும் செவுள் வெளுத்து, கண் உள்ளே போய், விரலால் அமுக்கினால் குழி எழாமல் கிடந்தது. மேனேஜர் ஒரு மீனைத் தூக்கிப் பார்த்து, “திஸ் ஹேஸ் கான் ஆஃப்” என்றார். அந்த வார்த்தை மட்டும் எனக்குச் சரியாகவே புரிந்தது. சம்பளத்தில் பிடித்தார்கள். அது போகட்டும்.

போன மாதம் இந்த மலருக்கு எழுதலாமென்று உட்கார்ந்தபோது, நம்பர் தேடிப் பிடித்து சாருக்குப் போன் போட்டேன். குரல் கொஞ்சமும் தளரவில்லை. நடந்ததைச் சொன்னேன்.

“டேய், அதைத்தானடா மொதல்ல நடத்துனேன்! துப்பாக்கில விசை பிடிச்சு வச்சிருக்கும், விட்டா வெடிக்கும். அலாரம் கடிகாரத்துல ஸ்பிரிங்கைக் கொக்கி பிடிச்சிருக்கும், நேரம் வந்ததும் கொக்கி விலகும், மணி அடிக்கும். விலகுறதுதான்டா ஆஃப். மீனை விட்டு ருசி விலகுது, பல்பை விட்டு வெளிச்சம் விலகுது. ஒண்ணு விலகுனா அடங்கும், ஒண்ணு விலகுனா கத்தும். போர்டுல கடிகாரம்கூட வரைஞ்சேனே, மேல ரெண்டு மணி வச்சு?”

“அது நண்டுன்னு நெனைச்சேன் சார்.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சிரித்தார், இருமல் வரும்வரை சிரித்தார்.

“அன்னைக்கு லேட்டா வந்தியோ?”

“பாலம் தூக்கிட்டாங்க சார்.”

“இதையேதான்டா எப்பவும் சொல்லுவ. சரி, அந்த மீன் என்னாச்சு?”

“போச்சு சார்.”